அகழி வீட்டு ஹாவிஸும் ஒரு ஜோடி பூட்ஸும்

ஆல்டர்கோட்டில் பண்ணையார் மாளிகையைச் சுற்றி ஓர் அகழி இருந்தது. அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியமெல்லாம் ஊருக்கு வடக்கே, களிமண் காட்டுக்கு நடுவில் இருந்த இன்னொரு அகழியைப் பற்றித்தான். அந்த அகழிக்குள்ளே மாளிகை இல்லை, கோபுரம் இல்லை. இரண்டு அறை உள்ள கூரை வீடு, ஒரு மாட்டுக்கொட்டகை, ஒரு கோழிக்கூண்டு. அவ்வளவுதான். இதைக் காப்பாற்ற ஒருத்தன் இருபதடி அகலத்துக்கு நாலு பக்கமும் மண்ணைத் தோண்டியிருந்தான். தர்ஸ்டன் என்று பேர். பண்ணையாரின் நிலத்தை உழுகிற குடியானவன்.

அவன் மண்வெட்டியைப் போட்ட முதல் நாளே ஊர் வேலிக்கு வெளியே கூடிவிட்டது.

"யாருப்பா படையெடுத்து வரப்போறான் உன் கோழிக்கூண்டு மேல?"

"தவளைங்கதான் வரும். வந்து உள்ளயே குடியிருக்கும்."

"பண்ணையார் பாத்தா, இனிமே உன்னைப் பாத்து அவரு குல்லாயைக் கழட்டணும் போல இருக்கே!"

தர்ஸ்டன் நிமிரவே மாட்டான். "வடிகாலுக்கு வெட்டுறேன். களிமண்ணுல தண்ணி தேங்குதுல்ல" என்பான். பாதி உண்மைதான். ஆல்டர்கோட்டு மண்ணில் மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளே வாத்து வளர்க்கலாம். மீதிப் பாதி வீம்பு. அந்த வீம்புக்குக் கூடை சுமந்தவள் ஹாவிஸ்.

ஹாவிஸ் மேட்டுக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். தேவாலய வாசலில் நின்று கைபிடிக்கும்போது, மனைவிக்கு என்ன தருவேன் என்று கணவன் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். ஆட்டைச் சொல்வார்கள், பாத்திரத்தைச் சொல்வார்கள். தர்ஸ்டன், "என் வீட்டைச் சுத்தித் தண்ணி இருக்கும். நடுவுல இவ இருப்பா" என்று சொன்னான். பங்குச் சாமியார் இருமி மழுப்பினார். ஹாவிஸுக்கு அது பிடித்திருந்தது. அடுத்த வாரமே தலையில் களிமண் கூடை ஏறியபோதுதான் அந்தத் தண்ணீர் இன்னும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கணவன் இருந்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அறுவடை முடிந்து மழை பிடிப்பதற்குள் கிடைக்கும் நாட்களில்தான் வெட்ட முடியும். அப்படிப் பல வருஷம் வெட்டினார்கள். அவன் தோண்டுவான், அவள் சுமந்து நடுவில் கொட்டுவாள், வீடு நிற்கிற மேடு கொஞ்சம் கொஞ்சமாக உயரும். அதற்கிடையில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் நடை பழகுவதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. அப்புறம் பிறக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில், கடைசி மூலையும் வெட்டி முடிந்த பிறகு, ஓடையை உடைத்து உள்ளே விட்டார்கள். இரண்டு பேரும் மேட்டில் நின்று தண்ணீர் நாலு பக்கமும் சுற்றி வந்து ஒன்றோடொன்று முட்டுவதைப் பார்த்தார்கள். தர்ஸ்டன் அழுதான். அதை அவள் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அகழியைத் தாண்ட ஒரு கனமான பலகைப் பாலம். கயிற்றை இழுத்தால் வீட்டுப் பக்கமாக நிமிர்ந்து நிற்கும். சாயங்காலம் வயலிலிருந்து அவன் வரும்போது பலகையில் பூட்ஸ் சத்தம் முதலில் கேட்கும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். வாசல் கல்லில் சேற்றைத் தேய்ப்பான். பிறகு கதவைத் தட்டிக்கொண்டே, "இருக்கியா?" என்பான்.

"எங்க போகப்போறேன்?" என்பாள் ஹாவிஸ்.

சுற்றிலும் தண்ணீர், நடுவில் இவள். எங்கேதான் போவாள்? ஆனாலும் தினமும் கேட்பான், தினமும் அதே பதில். இதற்குப் பெயர்தான் குடும்பம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

ஒரு இலையுதிர் காலத்தில், பண்ணையாருக்கு விறகு வெட்டிக் கொடுக்கும் முறைக்குப் போனவன் மீது ஓக் மரக்கிளை விழுந்தது. கழற்றிய கதவு ஒன்றின் மேல் அவன் உடலைக் கிடத்தித் தூக்கி வந்தார்கள். பூட்ஸைக் கழற்றி ஹாவிஸ் கையில் கொடுத்தார்கள்.

குடியானவன் செத்தால் உள்ள வழக்கப்படி வீட்டில் இருந்த நல்ல மாடு பண்ணையாருக்குப் போயிற்று. வீடும் நிலமும் ஹாவிஸுக்கு நின்றன. எங்கள் ஊரில் இதைப் பலகை உரிமை என்பார்கள். கணவன் உட்கார்ந்திருந்த பலகையில் அவன் மனைவி உயிரோடு இருக்கும்வரை உட்காரலாம், யாரும் எழுப்ப முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. அவள் தனியாக இருக்க வேண்டும். இன்னொருத்தனைக் கட்டினாலும் போச்சு, கட்டாமல் உள்ளே விட்டாலும் போச்சு. அப்புறம் எல்லாம் கணவனின் தம்பிக்கு.

தம்பி பெயர் கில்பர்ட். சாவு வீட்டில் வாற்கோதுமைக் கள்ளைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கண் கூரையை அளந்தது.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. சுத்தித் தண்ணி. உள்ள யாரு வர்றா, யாரு போறான்னு ஊருக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அவன் பெண்டாட்டி எமெலின் பக்கத்திலேயே இருந்தாள். "அக்கா மேல நமக்கு நம்பிக்கை இருக்குங்க. ஊரு வாய்தான் சும்மா இருக்காது" என்றாள். ஊரின் வாயில் பெரும்பகுதி எமெலினுடையது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

"தெரியும்படியா பண்றேன்" என்றாள் ஹாவிஸ்.

அன்றிலிருந்து சூரியன் ஆல்டர் மரங்களுக்குப் பின்னால் இறங்குவதற்கு முன்னால் பலகையைத் தூக்கிவிடுவாள். கயிறு கிறீச்சிடுவது ஊர் வரைக்கும் கேட்கும். வயலில் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் வேலையை முடிப்பார்கள். விடிந்து ஊர் எழுந்த பிறகுதான் பலகை இறங்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. குறை சொல்ல ஒருத்தருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஆனால் குறை சொல்ல இடம் இல்லாத வீட்டுக்கு யார் வருவார்கள்? ஆண்கள் அந்தப் பக்கம் வருவதையே விட்டார்கள், பெயர் கெட்டுப்போகுமே என்று. பங்குச் சாமியார்கூட எதிர்க்கரையில் நின்றே ஆசீர்வாதத்தைத் தண்ணீருக்கு மேல் வீசிவிட்டுப் போவார். பெண்கள் கொஞ்ச காலம் வந்தார்கள். பிறகு அவர்களுக்கும் வேலை இருந்தது.

தவக்காலத்துக்கு அகழியில் விலாங்கு பிடிப்பாள். வாற்கோதுமை ரொட்டி சுடுவாள். பட்டாணிக் கூழ் காய்ச்சினால் ஒரு சட்டி மூன்று நாளைக்கு வந்துவிடும். அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது, கூழ் தீராமல் இருப்பது. அப்புறம் சத்தம். வீட்டில் அவள் நடந்தால் சத்தமே இல்லை. துணிச் செருப்பும் மண் தரையும். சில நாள் தான் இருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

தர்ஸ்டனின் பூட்ஸ் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கெட்டித் தோல். தோல் தைக்கிற ஆஸ்பர்ட் தைத்துக் கொடுத்தது. காலை இழுத்து இழுத்து இடது அடித்தோல் தேய்ந்துபோனதால், அவரே குறுக்காக ஒரு ஒட்டு வைத்துத் தைத்திருந்தார். பூஞ்சை பிடித்துவிடுமே என்று ஒருநாள் எடுத்து எண்ணெய் தடவினாள். வைக்கோலை உள்ளே திணித்துக் காலை விட்டுப் பார்த்தாள். எழுந்து நாலு அடி வைத்தாள்.

வீடு அந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொண்டது. கூரை விட்டத்தில் இருந்த பூனை தலையைத் தூக்கியது. ஹாவிஸ் அடுப்புப் பக்கம் போனாள், கதவுப் பக்கம் வந்தாள், இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் தினமும் பலகையைத் தூக்கியதும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளே கொஞ்ச நேரம் நடப்பது வழக்கமாகிவிட்டது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

வருஷங்கள் இப்படியே ஓடின. பிறகு ஒரு மெழுகுவர்த்தித் திருநாள் சமயத்தில் வந்தது அந்தக் குளிர். ஆறு உறைந்தது, கிணற்று வாளி உறைந்தது, பங்குச் சாமியாரின் தீர்த்தத் தொட்டி உறைந்தது. அகழியும் கல்லாக இறுகியது. அதன் மேல் ஒரு பகல் முழுக்கப் பனி பெய்து ஓய்ந்தது.

அன்று சாயங்காலம் ஹாவிஸ் கதவைத் திறந்து பார்த்தாள். அகழியே இல்லை. வாசலிலிருந்து எதிர்க்கரை வரைக்கும் ஒரே வெள்ளைத் தரை. கணவன் போனதிலிருந்து அவள் இந்த வீட்டுக்குச் சாயங்காலத்தில் வெளியிலிருந்து வந்ததே இல்லை. யாருமே வந்ததில்லை. காலில் பூட்ஸ் இருந்தது. யோசிக்காமல் இறங்கிவிட்டாள்.

பனிக்கட்டி தாங்கியது. எதிர்க்கரைக்குப் போய் ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் அடுப்பு வெளிச்சம் தெரிந்தது. தர்ஸ்டன் தினமும் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று தோன்றியது. அழகாகத்தான் இருந்தது வீடு. அவன் நடக்கிற மாதிரியே நடந்து வந்தாள். வாசல் கல்லில் சேறே இல்லாத பூட்ஸைத் தேய்த்தாள். கதவைத் தட்டினாள்.

"இருக்கியா?" என்றாள்.

உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. அவள்தான் வெளியே நிற்கிறாளே. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு குளிர் எலும்பில் ஏறும்வரை நின்றுவிட்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் முதலில் பார்த்தது எமெலின்தான். குளிரில் அக்கா எப்படி இருக்கிறாளோ என்ற கவலையில் வந்தாளாம். கவலை ஓட்டமாகத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் கரையில் பாதி ஊர் நின்றது. பலகை தூக்கினபடியே நிற்கிறது. பனியில் ஆம்பளை பூட்ஸ் தடம் ஒரு வரிசை வீட்டுக்குப் போகிறது, ஒரு வரிசை வீட்டிலிருந்து வருகிறது. கரையில் ஏறினால் ஊர் வண்டித் தடங்களோடு கலந்துவிடுகிறது. ஒருத்தன் வந்திருக்கிறான், போயிருக்கிறான். இதைப் படிக்கத் தனியாக எழுத்தறிவு தேவையில்லை. முதலில் போனது எந்த வரிசை, பின்னால் வந்தது எந்த வரிசை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"கொழுந்தன் வயித்துல அடிச்சுட்டு இதுக்குத்தானா அக்கா கயித்தை இழுத்தீங்க?" என்று எமெலின் கரையிலிருந்து கத்தினாள்.

"ஆளு யாருன்னாவது சொல்லிடு ஹாவிஸ்! எங்க வீட்டு ஆளான்னு தெரிஞ்சாப் போதும்!" இது இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்பர்ட் சிரிக்கவில்லை. அவர் குனிந்து ஒரு இடது காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே ஓர் ஒட்டு. தன் கையால் போட்ட தையல். நிமிர்ந்து வாசலில் நின்றிருந்த ஹாவிஸைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. அவர் எழுந்து, தடுமாறுவதுபோல் அந்தத் தடத்தின் மேலேயே நடந்தார்.

"அண்ணே, தடத்தை மிதிக்கிறீங்களே!" என்று கில்பர்ட் பதறினான்.

"வயசாயிடுச்சுப்பா. வழுக்குது" என்றார் ஆஸ்பர்ட்.

பண்ணைச் சபை கூடியது பண்ணையாரின் பெரிய தானியக் களஞ்சியத்தில். பண்ணையார் எங்கோ தூரத்தில் இருந்தார். அவருக்குப் பதில் மணியக்காரர். அவருக்கு எதிரே ஊர் சார்பில் பிரமாணம் எடுத்த பன்னிரண்டு பேர். மீதி ஊர் வைக்கோல் போர் மேல். கில்பர்ட் தன் வழக்கைச் சொன்னான். அவன் குரல் உருகியது. அண்ணன் மானம் போச்சு என்று சொல்லும்போது ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வந்தது. அந்த வீட்டுக் கூரையை வைக்கோல் மாற்றி வேய வேண்டும் என்று முந்தின நாளே ஆளிடம் பேசி வைத்திருந்தான்.

"தடம் ஆம்பளைத் தடம்தானா?" என்று மணியக்காரர் பன்னிரண்டு பேரைக் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. நாங்க எல்லாருமே பாத்தோம்."

"நீ என்னம்மா சொல்றே?"

ஹாவிஸ் எழுந்து நின்றாள். யாரும் வரவில்லை என்று சொல்லலாம். பன்னிரண்டு பேர் கண்ணால் பார்த்ததற்கு எதிராக அது நிற்காது, வீடு போய்விடும். உண்மையைச் சொல்லலாம். செத்துப்போன புருஷனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு என் வீட்டுக் கதவை நானே தட்டினேன், இருக்கியா என்று கேட்டேன், என்று. அப்போது அவளுக்கு பெட்ரோனெல் ஞாபகத்துக்கு வந்தாள். சில வருஷம் முன்பு இதே களஞ்சியத்தில் நின்றவள். கிணற்றடியில் செத்த மகளோடு பேசினாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். புத்தி பேதலித்தவள் என்று இதே பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் சொன்னார்கள். அவளையும் நிலத்தையும் மைத்துனன் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். கடைசிவரை அவன் வீட்டு அடுப்புச் சந்தில் படுத்துக் கிடந்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் உச்சுக் கொட்டியது. பாவம், பாவம் என்று சொல்லியே அவளை முடித்துவிட்டார்கள்.

ஹாவிஸ் தவிப்பது தெரிந்து வைக்கோல் போரிலிருந்து ஆஸ்பர்ட் எழுந்தார்.

"ஐயா, அந்தத் தடத்தைப் பத்தி எனக்கு ஒண்ணு தெரியும். அந்த பூட்ஸு..."

"கெடாயைக் கொண்டு வாங்க!" என்றாள் ஹாவிஸ்.

ஆஸ்பர்ட் வாயைத் திறந்தபடி நின்றார்.

வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் இதுவும் எங்கள் வழக்கம்தான். ஒழுக்கம் தவறிய விதவை கறுப்புக் கிடாய் மேல் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதன் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்குள் வர வேண்டும். தன் தவறைத் தானே கேலி செய்கிற நாலு வரியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மணியக்காரர் பலகை உரிமையைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தங்கள் தாத்தா பார்த்ததாக நாலைந்து பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நாலைந்து விதமாக.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?" என்றார் மணியக்காரர். அவருக்கே கூச்சமாக இருந்தது.

"யோசிச்சுட்டேன் ஐயா."

"ஆளு யாரு?"

"பேரைக் கேக்கறது வழக்கத்துல இல்லையே."

கிழவர்கள் கூடிப் பேசினார்கள். இல்லைதான் என்றார்கள்.

கறுப்புக் கிடாய்க்கு எங்கே போவது? பண்ணை மந்தை மொத்தமும் வெள்ளை. கடைசியில் யாரோ ஒருத்தனுடைய தொழுவத்திலிருந்து ஒரு பழுப்புக் கிடாயை இழுத்து வந்தார்கள்.

"இது கறுப்பே இல்ல! இது செல்லாது!" என்று குதித்தான் கில்பர்ட். வீடு கை நழுவுவது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"நனைச்சாக் கறுப்புதான்" என்று கூட்டத்தில் ஒரு குரல். வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். ஓரளவுக்குக் கறுப்பாகத்தான் இருந்தது. மணியக்காரர் செல்லும் என்று சொல்லிவிட்டார். அந்த வேடிக்கையை விட ஊருக்கும் மனசில்லை.

அவளை ஏற்றினார்கள். கிடாய் நகரவில்லை. பிறகு ஒரேயடியாக ஓடப் பார்த்தது. ஹாவிஸ் சரிந்தாள், பாவாடை முழங்காலுக்கு மேல் போயிற்று, சிரித்துச் சிரித்து ஆண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்தார்கள். சின்ன வயதில் களிமண் கூடையோடு சறுக்கி விழுந்தபோதும் இதே ஊர் இப்படித்தான் சிரித்தது. அப்போது தூக்கிவிட ஒருத்தன் இருந்தான். ஆஸ்பர்ட் வந்தார். கிடாயின் கொம்பைப் பிடித்து மெதுவாக உள்ளே நடத்திக்கொண்டு போனார். அவள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததால் மணியக்காரர் முகமோ, கில்பர்ட் முகமோ அவளுக்குத் தெரியவில்லை. களஞ்சியக் கதவும், அதற்கு வெளியே உருகத் தொடங்கியிருந்த பனியும்தான் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே அந்த நாலு வரியையும் தடுமாறாமல் சொன்னாள். கேட்கக் கூசும் வரிகள். இங்கே வேண்டாம்.

"வீட்டுக்குப் போம்மா. பலகை உன்னோடதுதான்" என்றார் மணியக்காரர்.

சில நாள் கழித்து, அகழியில் தண்ணீர் தெரியத் தொடங்கிய ஒரு மத்தியானம், ஆஸ்பர்ட் எதிர்க்கரையில் வந்து நின்றார். பலகை இறங்கியிருந்தது. அவர் ஏறவில்லை.

"எதுக்கும்மா என்னைப் பேச விடல? அது என் தையல். நான் சொல்லியிருந்தா கெடாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். புருஷன் பூட்ஸுன்னு தெரிஞ்சுபோயிருக்கும்."

"தெரிஞ்சா? பெட்ரோனெலை மறந்துட்டீங்களா அண்ணே? பைத்தியம்னு சொல்லி கில்பர்ட் கையில பிடிச்சுக் குடுத்திருப்பாங்க."

"அது சரிதான். இருந்தாலும் இந்த அசிங்கம்..."

ஹாவிஸ் கோழிகளுக்குத் தானியம் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அது மட்டும் இல்ல அண்ணே. ஒருத்தன் வந்தான்னு ஊர் சிரிச்சுது. சிரிக்கட்டும், தாங்கிக்கலாம். யாருமே வரலன்னு தெரிஞ்சா ஊர் பாவம்னு சொல்லும். அதை என்னால தாங்க முடியாது."

ஆஸ்பர்ட்டும் பெண்டாட்டியைப் புதைத்தவர்தான்.

"இடது அடித்தோல் மறுபடியும் தேஞ்சிருக்கு. தடத்துலயே பாத்தேன். குடுங்க, மாத்தித் தர்றேன்."

"கடையில யாருதுன்னு கேட்டா?"

"ஊருக்கே தெரிஞ்ச ஆளுதுன்னு சொல்றேன்."

ஹாவிஸ் சிரித்துவிட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஈஸ்டருக்கு முன்னால் அவர் அதைப் புது அடித்தோலோடு பலகையில் வைத்துவிட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், ஒழுக்கமாக இருந்தவரைக்கும் எட்டிப் பார்க்காத ஊர் இப்போது வரத் தொடங்கியது. பெண்கள் ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு பலகையைத் தாண்டி வந்தார்கள். முட்டை இருக்கா, சல்லடை இருக்கா, அப்புறம் மெல்ல, "அந்த ஆளு இப்பவும் வர்றானா?" ஹாவிஸ் மாவைப் பிசைந்துகொண்டே இருப்பாள். "யாரு?" என்பாள். சுற்றித் திரியும் துறவி என்றார்கள், ஊசி நூல் விற்பவன் என்றார்கள், மணியக்காரரே என்றார்கள். ஊரில் இரண்டு மூன்று கிழவர்கள் அது நான்தான் என்று ஜாடையாகச் சொல்லித் திரிந்தார்கள். அந்தப் பெண்கள் வந்துபோகும் நேரம் வீட்டில் பேச்சுக் குரல் இருந்தது. அவள் அதைக் காதாரக் கேட்டுக்கொள்வாள். சாயங்காலம் எல்லாரும் போய்விடுவார்கள். பலகையைத் தூக்குவாள். பூட்ஸைப் போட்டுக்கொள்வாள். சட்டியில் கூழ் முன்போலவே மிச்சமாகத்தான் இருந்தது. அகழி இன்னும் இரண்டு முறை உறைந்தது. இரண்டு முறையும் வாசலில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தாளே தவிர, இறங்கவில்லை.

அவள் போனது ஒரு வசந்த காலத்தில். காலையில் பலகை இறங்கவில்லை என்று கண்டுபிடித்தவர்கள் வயலுக்குப் போனவர்கள். ஓர் ஆளை நீந்த விட்டுப் பலகையை இறக்கினார்கள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் சுளிக்காமல்தான் போயிருந்தாள்.

வீடு கில்பர்ட்டுக்கு வந்தது. அதற்குள் அவனே தடியூன்றி நடக்கிற வயசுக்கு வந்திருந்தான். துணிமணியை ஒதுக்க வந்த எமெலின் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்தாள். ஆம்பளை பூட்ஸ். எண்ணெய் போட்டு மினுக்கியது. புது அடித்தோல்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! கடைசிவரைக்கும் வந்திருக்கான்! நான் அன்னிக்கே சொன்னேன்ல!"

துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் அறைக்குள் நெருக்கியடித்தார்கள். பூட்ஸ் கைக்குக் கை மாறியது. இதன் சொந்தக்காரன் யார் என்று முகத்தை முகம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அது வாசல் கல்லில் உட்கார்ந்திருந்த ஆஸ்பர்ட் கைக்கு வந்தது. கண் மங்கிப்போயிருந்த கிழவர். விரலால் அடித்தோலைத் தடவினார். அது அவர் மாற்றின எத்தனையாவது அடித்தோல் என்று அவருக்கே கணக்கு இல்லை.

"நீங்கதானே ஊருக்கே தைக்கிறவரு" என்றாள் எமெலின். "சொல்லுங்க அண்ணே. யாருது இது?"

ஆஸ்பர்ட் இடது கால் பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். இழுத்து நடந்து அதற்குள்ளேயே ஓரம் தேய்ந்திருந்தது.

"யாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "ஆனா இந்தத் தேய்மானத்தைப் பாத்தா ஒண்ணு தெரியுது. அவன் ஒரு நாள் தவறாம வீட்டுக்கு வந்திருக்கான்."